நீர்நிலைப் படங்களும் கடன் வாங்கிய வானமும்

கார்த்திகைத் திங்களில் நல்ல மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலைப்பொழுதில் திண்டுக்கல் கோட்டைக்குளக் கரைக்குச் செல்வோர் ஒன்றைக் காணலாம். குளத்தைப் பார்ப்பாரினும் குளத்தைப் படம் பிடிப்பாரே அங்கு மிகுதி. திண்டு கிடந்தாற்போன்ற பாறையும், அதன் தலைமேல் மதுரை நாயக்கர் காலத்துக் கோட்டைமதிலும், கீழே குளத்து நீரும் கைப்பேசித் திரைகளில் நூறு நூறாய்ப் பதிகின்றன. அன்றிரவே அவை ஊரெங்கும் உலா வருகின்றன. அவற்றுள் ஒருவகைப் படத்தில் வானம் செம்பு உருகினாற்போல் எரிகிறது. நீர் மயிற்கழுத்து நிறம் காட்டுகிறது. கரையிலுள்ள ஒவ்வொரு கல்லும் எண்ணெய் பூசியதுபோல் மின்னுகிறது. "இது நம் ஊர்க் குளமா!" என்று வியப்பார் பலர். அது வியந்து விட்டுவிடத்தக்க சொல் அன்று. விடை கண்டே ஆகவேண்டிய வினா. அது நம் ஊர்க் குளந்தானா?

இத்தகைய படங்களை அடியோடு வெறுத்து ஒதுக்குவாரும் உளர். பல படங்களை ஒன்றாக்கிச் செய்வதால் இவையனைத்தும் ஏமாற்றே என்பது அவர்தம் கருத்து. அக் கருத்துப் பொருந்தாது. ஒரு நீர்நிலையை உள்ளவாறு காட்டுதற்கு, வெவ்வேறு அளவில் ஒளியேற்றி எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தலும், பக்கம் பக்கமாகத் திரும்பி எடுத்த படங்களை ஒன்றோடொன்று தைத்தலும் போலச் சிறந்த வழி பிறிதில்லை. தவறு சேர்ப்பில் இல்லை. அவ்விடத்ததும் அப்பொழுதினதும் அல்லாத ஒன்றைக் கொணர்ந்து சேர்ப்பதிலேயே தவறு உள்ளது. இவ் விரண்டையும் பிரித்தறியாமையால் நல்ல கலை பழிக்கப்படுகிறது, பொய் பாராட்டப்படுகிறது.

ஒளிப்படக் கருவிக்குள்ள இடர் யாதெனில், மாந்தக் கண் செய்வதை அது செய்யமாட்டாமையே. ஞாயிறு மலைக்குப் பின் இறங்கும் பொழுதில் கரையில் நிற்பவர் முதலில் வானத்தை நோக்குகிறார், கண்மணி சுருங்குகிறது. பின் தம் காலடியில் நிழலில் கிடக்கும் படிக்கல்லை நோக்குகிறார், கண்மணி விரிகிறது. இவ்வாறு இடந்தோறும் தன்னைத் திருத்திக்கொண்டே செல்லும் கண் கண்டவற்றையெல்லாம், மூளை ஒரே காட்சியாகச் சேர்த்துவிடுகிறது. கருவியோ ஒரே திறப்பில் ஒரே அளவு ஒளியை உள்வாங்கிக் கதவை மூடிக்கொள்கிறது. வானுக்கு ஏற்ப அளந்தால் கரை கரியாகும். கரைக்கு ஏற்ப அளந்தால் வானம் சுண்ணாம்பாகும்.

கணக்கிட்டால் இது விளங்கும். ஒளிப்படக் கலையில் ஒளியை இரட்டித்து இரட்டித்து அளப்பது வழக்கம். இற்றைநாள் நல்ல கருவி ஒன்று, தான் பதியக்கூடிய மிக மங்கலான ஒளிக்கும் மிக்க ஒளிக்கும் இடையே ஏறத்தாழ 14 இரட்டிப்புகளைத் தாங்கும்; அஃதாவது 16,384 மடங்கு. ஞாயிற்றை நேரே நோக்கிய நீர்க்கரைக் காட்சி அதனையும் விஞ்சிவிடும். இனி, பதிந்ததை அச்சிடப் புகுந்தாலோ, பளபளப்பான தாளிலும் வெண்மைக்கும் கருமைக்கும் உள்ள வேறுபாடு நூறு மடங்கை ஒட்டியதே. குளத்தைக் குடத்தில் அடக்கும் முயற்சி இது. எதனைக் கொள்வது, எதனை விடுவது என்று எவரேனும் முடிவு செய்தே ஆகவேண்டும். படம் எடுப்பவர் செய்யாவிடின் கைப்பேசிக்குள் இருக்கும் மென்பொருள் அதனைச் செய்துவிடும். 'கைபடாத இயற்கைப் படம்' என்று தருக்குவாரின் படத்துள்ளும் அம் முடிவு ஒளிந்தே கிடக்கிறது.

இவ்விடர் புதியதன்று, ஒளிப்படக் கலை தோன்றிய நாள்தொட்டே உள்ளது. அக் காலத்து எதிர்ப்படங்கள் நீலத்தை மிகுதியாக ஏற்பவை. ஆதலின் நிலத்துக்கோ நீருக்கோ வேண்டிய அளவு ஒளி ஏறுவதற்குள் வானம் வெளிறிப் போகும். பிரெஞ்சு நாட்டைச் சேர்ந்த குசுத்தாவ் இலெ கிரே என்பார் 1856, 1857ஆம் ஆண்டுகளில் கடற்காட்சிகளை எடுத்தபோது, அவற்றுள் சிலவற்றுக்கு வானுக்கென ஓர் எதிர்ப்படமும் கடலுக்கென ஓர் எதிர்ப்படமும் எடுத்து, இரண்டையும் தொடுவான் கோட்டில் பொருத்தி ஒரே தாளில் அச்சிட்டார். முகிலும் அலையும் ஒருங்கே விளங்கிய அப் படங்களைக் கண்டு அன்றைய ஐரோப்பா மலைத்தது. இன்று கைப்பேசியில் பொத்தானை அழுத்திச் செய்வதன் மூத்த வடிவம் அதுவே. ஆயின் அவரிடம் ஒரு குறையும் உண்டு. ஒரே வானத்தை ஒன்றுக்கு மேற்பட்ட கடல்களுக்கு அவர் பயன்படுத்தினார். கடலும் மெய், வானும் மெய், இரண்டும் ஒருங்கிருந்தன என்பதே பொய். கலைக்கூடத்தில் தொங்கும் படத்துக்கு இஃது இழுக்கன்று என்பர். இருக்கலாம். ஆனால் ஒரு துறைமுகத்தின் ஒரு நாளைய நிலையை அறிய விழைவார்க்கு அப் படம் உதவுமா என்றால், உதவாது.

அதே காலத்தில் நம் நாட்டிலும் அவ் வேலை நடந்தது. கும்பினிப் படையில் பணியாற்றிய இலின்னேயசு திரைப் என்பார் 1856இல் சென்னை அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டார். மெழுகூட்டிய தாளை எதிர்ப்படமாகக் கொண்டு 1858இல் திருவரங்கம், தஞ்சை, மதுரை முதலிய ஊர்களை அவர் எடுத்தார். வைகையாற்றையும் அதன் குறுக்கே மதுரைக்குச் செல்லும் தரைப்பாதையையும் காட்டும் படம் அவற்றுள் ஒன்று. மதுரைப் பக்கத்தின் பழைய நீர்க்கரைப் படங்களுள் அது முன்வரிசையில் வைக்கத்தக்கது. வைகை அன்று எத்துணை அகன்று கிடந்தது என்பதை இன்றைய ஆற்றோடு ஒப்பிட விழைவார் அதைத்தான் தேடுகின்றனர். திரைப்புக்கும் வெளிறிய வானம் பிடிக்கவில்லை. அவர் தம் எதிர்ப்படங்கள் பலவற்றில் தூரிகையால் வண்ணம் தீட்டி முகில்களை வரைந்தார். இலைகளுக்கும் அவ்வாறே சிறிது ஒளி கூட்டினார். தூரிகை தண்ணீரைத் தொடாத வரையில் நமக்கு இழப்பொன்றும் இல்லை எனலாம். ஆயினும் அவர் படத்தைக் கொண்டு அன்றைய மதுரை வானிலையை ஆராயப் புகுவார் ஏமாந்தே போவர்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அணுக்குண்டு வெடிப்பைப் படமெடுக்க வேண்டி, சார்லசு வைக்காபு என்னும் அமெரிக்கர் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று படலங்கள் கொண்ட சுருளை உருவாக்கினார். ஒவ்வொரு படலமும் வெவ்வேறு அளவு ஒளியைப் பதியும். 1997இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துப் பால் தெபெவெக்கு, சித்தேந்திர மாலிக்கு என்னும் இருவர், ஒரே காட்சியை வெவ்வேறு ஒளியளவில் எடுத்த பொதுவான படங்களிலிருந்து அக் காட்சியின் மெய்யான ஒளி ஏற்றத்தாழ்வைக் கணக்கிட்டு மீட்கும் முறையை வெளியிட்டனர். அதன்பின் வந்தவை அதன் கிளைகளே. ஆங்கிலத்தில் இதற்குரிய பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'உயர் இயங்குநிலை வரம்பு' என எழுதுகின்றனர். அதைப் படித்து ஒருவரும் ஒன்றும் விளங்கிக்கொண்டதில்லை. எது இயங்குகிறது? எதற்கு வரம்பு? செயலை நோக்கிப் பெயரிட்டால் 'பல்லொளிப் படம்' என்பதே போதும். பல முறை ஒளியேற்றிச் சேர்த்த படம் என்று பள்ளிச் சிறுவனுக்கும் விளங்கும். பனோரமா என்பதற்கு 'அகல்காட்சி' பொருந்தும்.

அகல்காட்சியின் கதை இன்னும் சுவையானது. நம் ஊர்க் கதையோடு தொட்டுச் செல்வதும் ஆகும். இசுக்காட்டுலாந்தின் எடின்பரோவில் வாழ்ந்த இராபர்ட்டு பார்க்கர் என்னும் ஓவியர், பார்ப்பவரை நடுவில் நிறுத்திச் சுற்றிலும் வளைந்த சுவரில் முழுக் காட்சியையும் வரையும் முறைக்கு 1787இல் தனியுரிமை பெற்றார். 'எல்லாம்', 'காட்சி' என்னும் இரு கிரேக்கச் சொற்களைக் கூட்டி அதற்குப் பனோரமா எனப் பெயரும் இட்டனர். 1792இல் சீரங்கப்பட்டின உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமை திப்புவிடமிருந்து கும்பினியாரின் கைக்கு மாறியது. 1799இல் அச் சீரங்கப்பட்டினமே வீழ்ந்தது. மறு ஆண்டே, 1800இல், இலண்டனில் இராபர்ட்டு கெர் போர்ட்டர் என்னும் இளைஞர் அக் கோட்டை பிடிபட்ட காட்சியை மாபெரும் அகல்காட்சி ஓவியமாக வரைந்து மக்களுக்குக் காட்டினார். கூட்டம் கூட்டமாகச் சென்று கண்டனர். அவரோ அதற்குமுன் காவிரியைக் கண்டதில்லை. இந்திய மண்ணை மிதித்ததுமில்லை. கேட்டதைக் கொண்டும் பிறர் வரைந்ததைக் கொண்டும் தீட்டியது அது. வென்றவர்க்கு வேண்டிய காட்சியே அதில் இருந்தது.

அதன் எதிரே வைத்துக் காணவேண்டியது, மேலே சொன்ன திரைப் தஞ்சைப் பெரிய கோயிலில் 1858இல் செய்த வேலை. கோயில் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை அவர் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 தாள்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அதில் தூரிகை முகிலுக்கு வேலையில்லை. எழுத்தைப் படிக்கவேண்டும் என்பதே நோக்கம். தைத்த படம் பொய் என்பார்க்கு இப் பத்தொன்பதடித் தாளே விடை. ஒரே படமாக எடுத்திருந்தால் எழுத்தும் தெரிந்திராது, கல்லும் தெரிந்திராது. துண்டுகளை நேர்மையாகச் சேர்த்ததனாலேயே முழுமை கிடைத்தது.

இனி, இக் கலையை நம் பக்கத்தில் எங்குச் செய்து பார்க்கலாம் எனின், திண்டுக்கல்லுக்குத் தென்மேற்கே, பழனிமலைத் தொடரின் அடிவாரத்தில், ஆத்தூரில் உள்ள காமராசர் அணையைச் சொல்லலாம். குடகனாற்று நீரைத் தேக்கித் திண்டுக்கல் நகர்க்குக் குடிநீர் தருவது அது. முழுக் கொள்ளளவில் அதன் நீர்மட்டம் 23.5 அடி. அணைக்கரையில் நின்று மலையை நோக்குவார்க்கு இடமும் வலமும் நீர் விரிந்து கிடக்கும்; ஒரு படத்துள் அடங்காது. மாலையில் ஞாயிறு மலைக்குப் பின் இறங்கும்போது மலை முழுவதும் நிழலில் ஆழ, வானம் மட்டும் எரியும். அகல்காட்சிக்கும் பல்லொளிக்கும் ஒருங்கே இடம் தரும் காட்சி அது. காலையிலோ மலை முகத்தில் நேரே ஒளி விழும். ஒரே திறப்பே போதும். ஆயினும் நம் இளைஞர் மாலையைத்தான் நாடுவர். அதுவும் நன்றே, கடினமானதில்தான் கை பழகும்.

முக்காலியின்றி இவ் வேலை ஆகாது. கருவியை நிறுத்தி, நெட்டுக்குத்தாகத் திருப்பி வைத்தால் வானும் நீரும் மிகுதியாக அடங்கும். வில்லையின் துளையையும், குவியத்தையும், வண்ண அளவையும் ஒருமுறை வகுத்தபின் தொடலாகாது. தொட்டால் அடுத்தடுத்த படங்கள் ஒன்றோடொன்று ஒவ்வா. ஒளியேற்றும் பொழுது ஒன்றையே மாற்றவேண்டும். நொடியில் 500இல் ஒரு பங்கு, 125இல் ஒரு பங்கு, 30இல் ஒரு பங்கு, 8இல் ஒரு பங்கு, அரை நொடி என நந்நான்கு மடங்காக ஐந்து படங்கள் எடுத்தால், எரியும் வானமும் இருண்ட மலையடியும் இரண்டும் அகப்படும். பின் மூன்றில் ஒரு பங்கு மேலே படியுமாறு கருவியைத் திருப்பி மறுபடியும் ஐந்து. ஏழு திருப்பங்களில் காட்சி முடிந்தால் மொத்தம் 35 படங்கள். அதற்குள் ஞாயிறு இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதை மறத்தலாகாது. முப்பத்தைந்தையும் இரண்டொரு மணித்துளிகளில் முடிக்கும் கைவிரைவு இல்லாதார் வலக்கோடி வானத்துக்கும் இடக்கோடி வானத்துக்கும் வேறு வேறு நிறம் பெறுவர்.

திருப்புவதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரு விரலை முகத்தெதிரே நிறுத்தி இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறி மூடினால், விரல் பின்னுள்ள சுவரில் இடம் பெயர்வதுபோல் தோன்றும். கருவியை அதன் அடித்திருகு பற்றிச் சுழற்றினால் அதே பிழை நேரும். அருகிலுள்ள படிக்கல் ஒவ்வொரு படத்திலும் மலையின் வேறொரு மடிப்போடு சேர்ந்து நிற்கும். முன்னிருந்து நோக்கினால் வில்லைக்குள் துளை எங்கிருப்பதாகத் தோன்றுகிறதோ அவ்விடத்தை நடுவாக வைத்துச் சுழற்றவேண்டும். ஆத்தூரில் எல்லாம் தொலைவில் இருப்பதால் இப் பிழை பெரிதாகத் தெரியாது. கோட்டைக்குளம்போல் கரையும் படியும் அருகே உள்ள இடத்தில் தைத்த கல் இரண்டாகப் பிளந்து தோன்றும். 2003இல் மாத்தியூ பிரௌன், தாவீது இலோ என்னும் கனடா நாட்டு ஆய்வாளர் இருவர், எப் படம் எப் படத்தோடு சேரும் என்பதைக் கணிப்பொறியே கண்டறிந்து தைக்கும் முறையை வெளியிட்டனர். தையல் அதனால் எளிதாயிற்று. ஆயினும் தவறாக எடுத்ததை எம் மென்பொருளும் திருத்தாது. மூடி மறைக்கவே செய்யும்.

நீர்க்கரைக்கே உரிய தொல்லை அலை. ஐந்து முறை எடுக்கும்போது ஐந்து முறையும் அலை வேறு. அவற்றைக் கண்ணை மூடிச் சேர்த்தால் நீர் பால்போல் குழம்பும். நீந்தும் தாரா ஐந்து நிழல்களாகும். நீர்ப்பகுதிக்கு மட்டும் ஐந்தனுள் ஒன்றையே தேர்ந்து கொள்வதே முறை. காற்றில்லாப் பொழுதைத் தேர்ந்தால் பாதி வேலை மிச்சம். ஆடித் திங்களில் மேற்கே கணவாய் வழி வரும் காற்றுத் திண்டுக்கல் சமவெளியில் மரத்தை வளைக்கும். அப்போது எடுக்கப் போவது வீண். ஐப்பசி, கார்த்திகை விடியலில் நீர் கண்ணாடி. இன்னொன்று, வானத்தை ஆழ்ந்த நீலமாக்கும் முனைவுத் தட்டை அகல்காட்சிக்குப் பொருத்தலாகாது. ஞாயிற்றுக்குச் செங்கோணத்தில் உள்ள வானப்பகுதியை மட்டும் அது கருக்கும். நீண்ட படத்தின் நடுவே கருநீலப் பட்டை ஒன்று பாய் விரித்ததுபோல் கிடக்கும். இறுதியாக, உருளையில் சுற்றி விரித்த கணக்கில் தைக்கும்போது நேராகக் கிடக்கும் அணைக்கரை வில்லாக வளையும். அறியாதார் கரை உடைந்து உள்வாங்கிவிட்டதோ என அஞ்சுவர். அகல்காட்சியை வைத்துக் கரையின் நேர்மையை அளப்பது கூடாது.

இத்துணையும் நேர்மையாகச் செய்தபின், ஒளியைத் தாளுக்குள் சுருக்கும் வேலை வருகிறது. நம் படங்கள் கெடுவது இங்கேதான். சுருக்குவது குற்றமன்று, வரிசை மாற்றுவது குற்றம். வானம் கரையினும் ஒளி மிக்கதாயின் படத்திலும் அவ்வாறே இருக்கவேண்டும். நிழலையெல்லாம் ஒளியாக்கி, வானத்தையெல்லாம் இருளாக்கும் அளவுக்குப் பிடியைத் திருகினால், மலைவிளிம்பு நெடுகிலும் வெண்கோடு ஒன்று எழும். கோட்டைப் பாறைக்குத் தெய்வ உருவங்களுக்குப்போல் ஒளிவட்டம் எதற்கு?

நீர் தானே ஓர் ஆய்வாளர். பொய்யைக் காட்டிக்கொடுப்பதில் அதற்கு ஒப்பில்லை. மேலிருந்து விழும் ஒளியில் ஒரு பகுதியையே நீர் திருப்பியனுப்பும். நேர் மேலிருந்து நோக்கினால் நூற்றில் இரண்டு பங்கே திரும்பும். தாழ நோக்க நோக்க மிகும். எவ்வாறாயினும், தெளிந்த நீரில் தோன்றும் வானத்தின் நிழலுரு அவ் வானத்தினும் ஒளி மிக்கதாதல் இயலாது. படத்தில் நீர் வானத்தை விஞ்சி ஒளிர்ந்தால் அங்கே மென்பொருள் மிஞ்சி விளையாடியது என்று கொள்க. வானில் நிற்கும் பெருமுகில் அசைவற்ற நீரில் இல்லையேல், அவ் வானம் வேறோர் ஊரிலிருந்து வந்தது. மரத்தின் நிழல் ஒருபுறம் விழ, முகிலின் ஒளி மறுபுறத்திலிருந்து வந்தால், அதுவும் அவ்வாறே. 2020இல் அடோபி நிறுவனத்தின் போட்டோசாப் மென்பொருளிலேயே வானத்தை மாற்றிப் பொருத்தும் பொறி வந்துவிட்டது. சில மென்பொருள்கள் மாற்றிய வானத்தை நீரிலும் வரைந்து விடுகின்றன. இலெ கிரே கைகளால் நாள் முழுவதும் செய்ததை இன்று ஒரு விரல் ஒரு நொடியில் செய்கிறது. அவர் செய்ததில் இருந்த குறையும் அதே விரைவில் பெருகுகிறது.

இதனால் வரும் கேடு யாது, அழகாய் இருந்துவிட்டுப் போகட்டுமே என்பார்க்கு ஒன்று சொல்லவேண்டும். மழைமுகில் திரண்ட வானத்தைக் கோடைக்குளத்தின்மேல் ஒட்டியவர், அக் குளம் வற்றிய செய்தியை மறைத்துவிட்டார். வெங்காயத்தாமரை மூடிய நீரின் பசுமையை மேலும் திருகிப் பசும்பட்டாக்கியவர், அது சாக்கடை உரத்தில் கொழுத்த பசுமை என்பதை மறைத்துவிட்டார். கரையோரத்துக் குப்பையை ஒரு தொடுதலில் துடைத்தெறிந்தவர், குளத்தை அன்று; படத்தைத்தான் துப்புரவு செய்தார். திண்டுக்கல் மக்களுக்கு நீரின் பொய் புதியதன்று. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பற்றிய வழக்கில் இந்திய உச்ச முறைமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகத்து 28ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில், திண்டுக்கல், இரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 ஊர்களில் ஒரு தொண்டு அமைப்புச் செய்த ஆய்வு எடுத்துக் காட்டப்பட்டது. குடிப்பதற்கும் வேளாண்மைக்கும் பயன்பட்ட 467 கிணறுகளுள் 350 கெட்டுப்போயின என்பது அவ் ஆய்வு கூறியது. அன்றைய திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டத்துத் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 உருபா தண்டம் விதித்தது அத் தீர்ப்பு. அக் கிணறுகளைப் படமெடுத்திருந்தால் நீர் தெளிந்தே தோன்றியிருக்கக்கூடும். உப்புக்கும் குரோமியத்துக்கும் படத்தில் நிறமில்லை. மெய்யான படமே இவ்வளவுதான் சொல்லும் எனில், பொய்ப்படம் என்ன சொல்லும்? படம் சொல்லக்கூடிய சில உண்மைகளையேனும், நீர் எதுவரை நின்றது, கரை எங்கே இருந்தது, எப் பக்கம் மண் கொட்டப்பட்டது என்பவற்றையேனும், அது சொல்லட்டும். இவற்றைச் சொல்ல அகல்காட்சியினும் சிறந்த சான்று இல்லை. ஒரு துண்டுப்படம் எடுப்பவர் தமக்கு வேண்டாத மூலையை விட்டுவிடலாம். கரை முழுவதையும் சுற்றி எடுத்தவரால் அது இயலாது.

ஆகவே கருவி வைத்திருக்கும் இளைஞரும், பள்ளிகளில் இயற்கைக் கழகம் நடத்தும் ஆசிரியரும் செய்யத்தக்க வேலை ஒன்று உண்டு. ஊருக்கு ஒரு குளம் தேர்ந்து, கரையில் பெயராத கல் ஒன்றைக் குறித்து, திங்கள்தோறும் அதே கல்லில், அதே பொழுதில், அதே வில்லையால் அகல்காட்சி எடுக்கலாம். சேர்த்த படத்தோடு சேர்க்காத மூலப்படங்கள் முப்பத்தைந்தையும் காத்து வைக்கவேண்டும். ஐயுறுவார்க்குக் காட்ட அவையே சான்று. நாளும், பொழுதும், கல்லின் இடமும், அணையாயின் அன்றைய நீர்மட்டமும் படத்தின் கீழே தமிழில் எழுதப்படவேண்டும். ஊர் நூலகத்தில் ஒரு படி இருத்தல் நன்று. வண்ணம் கூட்டிய படத்தை வேண்டுமானால் சுவரில் மாட்டிக்கொள்ளட்டும். அதன்கீழே 'வானம் கடன்' என்று இரண்டு சொல் எழுதிவிட்டால் ஒருவருக்கும் வழக்கில்லை.

திங்கள்தோறும் எடுப்பதென்றால் வறண்ட திங்களில் என் செய்வது என்று சிலர் வினவுவர். சித்திரையில் படுகை வெடித்துக் கிடக்கும்போதும் அதே கல்லில் நின்று அதே ஏழு திருப்பங்களையும் எடுக்கவேண்டும். அன்று அலையின் தொல்லை மட்டும் இராது.